சொல்லைத் தேடிய துறவி: தத்துவபோதக சுவாமிகள்

ஆண்டுதோறும் மார்கழி முதல் வைகாசி வரை மஸ்கெலியா வீதியில் யாத்திரிகர் கூட்டம் ஓய்வதில்லை. நல்லதண்ணி வழியாக மலையேறும் சைவ அன்பர் அந்தச் சிகரத்தைச் சிவனொளிபாதமலை என்கிறார். பௌத்த சகோதரர் ஸ்ரீபாத என்கிறார். இஸ்லாமிய அன்பருக்கு அது பாவா ஆதம் மலை. அங்கே பதிந்திருப்பது அப்போஸ்தலரான புனித தோமையாரின் அடிச்சுவடு என்று நம்பிய கிறிஸ்தவர்களும் முற்காலத்தில் இருந்தனர். பாறை ஒன்று, பெயர் நான்கு. பெயர் மாறும்போது ஒலி மாத்திரந்தான் மாறுகிறதா, அல்லது அதனோடு பொருளும் சேர்ந்து மாறிவிடுகிறதா?

இந்தக் கேள்வி ஒரு மலையைப் பற்றியதாக இருக்கும்வரை நமக்குப் பெரிய நட்டமில்லை. ஆனால் அதே கேள்வி கடவுளின் பெயரைப் பற்றி எழுந்தால்? மீட்பு, பாவம், ஆன்மா, அருள் என்ற சொற்களைப் பற்றி எழுந்தால்? ஒரு மொழியில் பிறந்த விசுவாசத்தை வேறொரு மொழிக்காரருக்கு அதன் பொருள் கெடாமல் கொடுக்க முடியுமா? இந்தக் கேள்வியைத் தம் தோளில் சுமந்து, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தமிழ் மண்ணில் வாழ்ந்து, தமிழ் மண்ணிலேயே கண்மூடியவர் ஒருவர் உண்டு. அவர்தாம் இயேசு சபைக் குருவான றொபேட் தெ நொபிலி. நம் முன்னோர் அவரைத் தத்துவபோதக சுவாமிகள் என்று அழைத்தனர்.

பிரபு குலத்துப் பிள்ளை

இத்தாலி நாட்டின் தொஸ்கானாப் பகுதியில் மொந்தெபுல்சியானோ என்றொரு மலை நகர் உண்டு. அந்நகரோடு தொடர்புடைய பிரபு குலமொன்றில் 1577ஆம் ஆண்டில் றொபேட் பிறந்தார். திருச்சபையின் மறைவல்லுநராக இன்று போற்றப்படும் கர்தினால் புனித பெலார்மின் அவருக்கு உறவினர். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த வாழ்வு காத்திருந்தது. அவரோ வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி நேப்பிள்ஸ் நகரில் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் 1604ஆம் ஆண்டில் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, 1605ஆம் ஆண்டு மே மாதம் கோவா வந்து சேர்ந்தார். சில காலம் முத்துக்குளித்துறையில் தங்கித் தமிழின் முதற்பாடங்களைக் கற்றார். 1606ஆம் ஆண்டு நவம்பரில், நாயக்க மன்னரின் தலைநகரான மதுரைக்குள் கால்வைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

அவருக்கு முன் நடந்தவை

அவர் வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகவே தமிழில் வேதபோதகம் நடந்து வந்தது. 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், மொழிபெயர்ப்பாளர் சிலரின் துணைகொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் ஏனைய செபங்களையும் தமிழில் ஆக்குவித்து, வீதியில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டி மனனம் செய்வித்தார். பின்னர் ஒரு பிழை வெளிப்பட்டது. நான் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில், எனக்கு வேண்டும் என்று பொருள்படும் சொல் இடப்பட்டிருந்தது. 1544ஆம் ஆண்டில் தம் உடனுழைப்பாளருக்குக் கடிதம் எழுதி அதைத் திருத்தும்படி கேட்டார் சவேரியார். எத்தனையோ எளிய மக்கள் அதற்குள் பக்தியோடு அப்படியே சொல்லியிருப்பார்கள். இறைவன் அவர்களது நெஞ்சத்தை ஏற்றுக்கொண்டிருப்பார் என்பதில் ஐயமில்லை. எனினும் விசுவசிப்பது வேறு, வேண்டுவது வேறு. ஒரே சொல்லில் வேதம் விண்ணப்பமாகிவிட்டது.

ஜப்பான் நாட்டிலும் அவருக்கு இத்தகைய அனுபவம் நேர்ந்தது. கடவுளைக் குறிக்க முதலில் தைநிச்சி என்ற உள்நாட்டுச் சொல்லைக் கையாண்டார். அது பௌத்த சமயப் பிரிவொன்றில் வழங்கும் பெயர் என்று பின்னர் அறிந்து அதைக் கைவிட்டு, தெயுஸ் என்ற இலத்தீன் சொல்லையே கொண்டு போதித்தார்.

சவேரியாருக்குப் பின் வந்த அன்றிக்கே அன்றிக்கஸ் சுவாமிகள் தமிழை ஆழமாகக் கற்றவர். 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறிய அவரது தம்பிரான் வணக்கம், தமிழ் எழுத்தில் வெளிவந்த முதல் அச்சு நூல் என்று மதிக்கப்படுகிறது. பொருள் பிசகிவிடக்கூடாது என்ற எச்சரிக்கையினால் அக்காலத்துப் போதகர்கள் போர்த்துக்கேயச் சொற்கள் பலவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்தார்கள். பூசைக்கு மிசா, அருளுக்குக் கிராசை என்றெல்லாம் வழங்கின. கடற்கரையில் போர்த்துக்கேயரோடு பழகியவர்களுக்கு இவை காதுக்குப் பழகிய ஒலிகள். மதுரையிலோ இவற்றைக் கேட்டவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு சொல் அடைத்த கதவு

மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற முதிய குருவானவர் பத்தாண்டுக்கு மேலாக உழைத்து வந்தார். முன்னாளில் போர்வீரராயிருந்து குருவானவர். பக்தியும் தியாகமும் உள்ளவர். வியாபாரத்துக்காக வந்து தங்கியிருந்த பரதவக் கிறிஸ்தவர்களை அன்போடு பராமரித்தார். ஆயினும் மதுரை மக்களில் ஒருவரேனும் அவரிடம் வந்து ஞானஸ்நானம் கேட்கவில்லை.

காரணத்தைத் தேடிய நொபிலி அதை ஒரு சொல்லில் கண்டுபிடித்தார். அந்தச் சொல் பரங்கி. போர்த்துக்கேயர் அதைத் தம் இனத்தின் பெயராகவே எடுத்துக்கொண்டனர். கிறிஸ்தவராவதைக் குறிக்கவும் பரங்கிக் குலத்தில் சேருதல் என்ற சொற்றொடரையே கையாண்டனர். ஆனால் மதுரைவாசியின் காதில் பரங்கி என்பதற்கு வேறு பொருள் இருந்தது. மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, குளியாமல் திரிந்து, ஒழுக்கம் பேணாத அந்நியன் என்பதே அவன் கண்ட பொருள். ஆகவே, கிறிஸ்துவிடம் வர விருப்பமா என்று போதகர் கேட்டதாக நினைத்தார். உன் தாய் தகப்பனை விட்டு, உன் மானத்தை விட்டு, அந்நியனாக மாற விருப்பமா என்று கேட்டவன் விளங்கிக்கொண்டான். போதகர் பொய் சொல்லவில்லை. கேட்டவனும் வேண்டுமென்று தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு சொல் நின்று கதவை அடைத்துக்கொண்டிருந்தது.

மொழிபெயர்ப்பின் முதற்பாடத்தை நொபிலி இங்கே கற்றார். ஒரு சொல்லின் பொருளைச் சொல்பவன் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. கேட்பவனும் சேர்ந்தே தீர்மானிக்கிறான். அகராதி சொல்வது ஒன்று. அயலவன் கேட்பது மற்றொன்று.

வாழ்வையே பெயர்த்தவர்

அகராதியைத் திருத்தினால் மட்டும் போதாது என்று அவர் கண்டார். மனிதனே ஒரு சொல். அவன் உடையும் உணவும் நடையும் வாய் திறப்பதற்கு முன்பே பேசிவிடுகின்றன. ஆகவே கறுப்பு அங்கியைக் களைந்து காவியுடுத்தார். புலால் நீக்கி, ஒருவேளை மரக்கறி உணவோடு அமைந்தார். பிரத்தியேகமாக ஒரு குடிசை அமைத்து அதில் வாழ்ந்தார். தாம் பரங்கியல்ல, உரோமாபுரியிலிருந்து வந்த துறவி என்றும், தாம் போதிக்கும் வேதம் எந்த ஓர் இனத்துக்கும் உரியதல்ல என்றும் ஓலையில் எழுதித் தம் வாசலில் பதித்தார்.

தமிழைத் தேறக் கற்றார், தெலுங்கும் கற்றார். சிவதருமர் என்ற தெலுங்குப் பிராமணப் பண்டிதரிடம் சமஸ்கிருதம் கற்று, அம்மொழியின் சாத்திரங்களை மூலத்திலேயே வாசித்த முதல் ஐரோப்பியருள் ஒருவரானார். அறிஞர்கள் அவரிடம் வாதாட வந்தார்கள். பள்ளியாசிரியர் ஒருவர் பல நாட்கள் தொடர்ந்து வந்து, கடவுள் ஒருவரா, உலகம் எதிலிருந்து உண்டானது, உயிர் மறுபடியும் மறுபடியும் பிறக்கிறதா என்றெல்லாம் வினவினார். நொபிலி ஒவ்வொன்றுக்கும் பொறுமையோடு விடை சொன்னார். ஈற்றில் அந்த ஆசிரியர் ஞானஸ்நானம் பெற்றார். மதுரை மிசனின் முதற்கனி அவரே.

மூன்று வழிகள்

இனி, சொற்களை அவர் எவ்விதம் தேடினார் என்று பார்ப்போம். ஒரு மொழியில் இல்லாத கருத்தை அதற்குள் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, அந்நியச் சொல்லை அப்படியே இறக்குமதி செய்தல். மிசா, கிராசை என்பவை இவ்வகை. இதில் தப்பான பொருள் நுழைய இடமில்லை. ஆனால் சரியான பொருளும் தானாக நுழைவதில்லை. அது வெறும் பாத்திரம். வெளியிலிருந்து எவராவது வந்து நிரப்பவேண்டும். நிரப்புவார் இல்லாவிட்டால் வெறும் ஓசையாய் நின்றுவிடும். ஆயினும் இவ்வழியை இகழ்வதற்கில்லை. தோட்டத்தில் நாம் சொல்லும் லயம் ஆங்கிலச் சொல்லின் திரிபு. அதைத் தமிழல்ல என்று இன்று யார் சொல்வார்? நாம் நெற்றியில் வரையும் சிலுவை அடையாளத்தின் பெயரே சிரிய மொழியிலிருந்து வந்ததுதான். நெடுங்காலம் வழங்கினால் இறக்குமதிச் சொல்லும் சொந்தச் சொல்லாகிவிடுகிறது.

இரண்டாவது, உள்ளூர்ச் சொல்லை எடுத்துக்கொள்ளுதல். இது உடனே விளங்கும்; நெஞ்சைத் தொடும். ஆனால் அந்தப் பாத்திரத்தில் ஏற்கனவே ஏதோ நிரம்பியிருக்கிறது. தம்பிரான் என்றால் சைவருக்கு ஒரு நினைவு வரும். அவதாரம் என்றால் வைணவருக்குப் பத்து நினைவுகள் வரும். போதகர் ஒன்றை ஊற்ற, கேட்பவர் மற்றொன்றைப் பருகும் ஆபத்து இதில் உண்டு.

மூன்றாவது, உள்ளூர்ச் சொற்களைக் கொண்டே புதிய சொல்லை இணைத்து ஆக்குதல். நொபிலி பெரிதும் விரும்பியது இவ்வழியை. கடவுளுக்கு அவர் வழங்கிய பெயர் சருவேசுரன். சருவத்துக்கும் ஈசுவரன், அனைத்துக்கும் ஆண்டவர் என்பது பொருள். ஒவ்வொரு பகுதியும் மக்களுக்குத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலான ஒருவர் என்ற கருத்து சொல்லுக்குள்ளேயே விளக்கமாய் நிற்கிறது. மனிதனான வார்த்தையைக் குறிக்க மனுஷாவதாரம் என்றார்; அவதாரம் என்ற பழகிய சொல்லுக்கு முன்னே மனுஷன் என்ற சொல்லை நிறுத்தி, தோற்றமல்ல, மெய்யான மனிதத்தன்மை என்று வரம்பு கட்டினார். வேதம், குரு, பூசை, பிரசாதம் முதலிய சொற்கள் கத்தோலிக்கரின் அன்றாட வழக்கில் இடம்பெற அவரது பணி பெரிதும் காரணமாயிற்று.

சொல்லை எடுத்துக்கொண்டதோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே முக்கியம். உயிரைக் குறிக்க ஆத்துமம் என்ற சொல்லை ஏற்றார். ஆனால் அச்சொல்லோடு மறுபிறப்புக் கொள்கையும் ஒட்டிக்கொண்டு வரும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஆத்தும நிருணயம் என்ற பெரும் நூலை எழுதி, ஆத்துமம் என்றால் என்ன, என்னவன்று என்று வரையறுத்தார். புனர்ஜென்ம ஆட்சேபம் என்று தனி நூலும் எழுதினார். ஞானோபதேசம் என்ற விரிந்த நூலில் விசுவாச சத்தியங்களை ஒழுங்குபடுத்தினார். ஒரு சொல்லைத் தெரிவு செய்வது ஒரு கணத்து வேலை. அதற்குப் பொருளைப் பயிற்றுவிப்பதோ ஓர் ஆயுளின் வேலை. மனிதன் ஞானஸ்நானம் பெறும்போது முகம் மாறுவதில்லை, வாழ்வு புதிதாகிறது. சொல்லுக்கும் அவ்விதமே ஞானஸ்நானம் உண்டு என்று கருதி உழைத்தார் எனலாம்.

இது புதுமையன்று. புனித அருளப்பர் தம் நற்செய்தியின் தொடக்கத்தில் லோகோஸ் என்ற சொல்லை எழுதியபோது, அது கிரேக்க தத்துவ ஞானிகளின் வாயில் ஏற்கனவே வழங்கிய சொல். புனித எரோனிமுஸ் அதை இலத்தீனில் வெர்பும் என்று வழங்கினார். நாம் வார்த்தை என்றும் வாக்கு என்றும் சொல்கிறோம். ஒவ்வொரு கரையிலும் ஏதோ சிறிது உதிர்கிறது. ஏதோ சிறிது சேர்கிறது. ஆயினும் ஆறு நின்றுவிடவில்லை. பழைய மஸ்கெலியா நகரம் 1960களின் பிற்பகுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் மூழ்கியபோது, மக்கள் மேட்டுக்கு ஏறி வந்து புதிய நகருக்கும் அதே பெயரையே வைத்துக்கொண்டார்கள். இடம் மாறியும் பெயர் தொடர்ந்தது. பெயர் தொடர்ந்ததால் ஊரும் தொடர்ந்தது. சொற்களின் கதையும் ஓரளவு அப்படித்தான்.

பழியும் தீர்ப்பும்

அவருடைய வழி எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 1610ஆம் ஆண்டில் பெர்னாண்டஸ் சுவாமிகளே மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதினார். நொபிலி காவியுடுத்தித் தம் உடன்குருக்களையே விலக்கி வாழ்கிறார், கிறிஸ்தவத்தை மறைத்துப் பிறசமயத்தோடு கலந்துவிட்டார் என்பது குற்றச்சாட்டின் சாரம். கோவாவிலும் உரோமையிலும் பெருஞ்சலசலப்பு எழுந்தது. உறவினரான கர்தினால் பெலார்மினே முதலில் மனம் வருந்தினார். நொபிலியின் விளக்கத்தைப் படித்தபின் அவருக்கு ஆதரவாக நின்றார். கொடுங்கல்லூர் பேராயர் றோஸ் ஆண்டகையும் அவர் பக்கம் நின்றார். 1619ஆம் ஆண்டு கோவாவில் கூடிய சபையிலோ எதிர்ப்பே மேலோங்கியது.

வழக்கின் மையத்தில் இருந்ததும் மொழிபெயர்ப்புக் கேள்விதான். பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவை எதைக் குறிக்கின்றன? அவை பிறதெய்வ வழிபாட்டின் அடையாளங்களா, அல்லது குலத்தையும் தகுதியையும் காட்டும் நாட்டு வழக்கங்களா? வெளியிலிருந்து பார்த்தவர்கள் முன்னதே என்றார்கள். நொபிலியோ சமஸ்கிருத நூல்களிலிருந்தும், மதுரைப் பிராமண அறிஞர்களின் சான்றுகளிலிருந்தும் ஆதாரம் காட்டிப் பின்னதே என்று வாதிட்டார். உரோமாபுரிக் கிறிஸ்தவர்களும் தம் முன்னோரின் வழக்கங்கள் பலவற்றைப் புதுப்பொருளோடு வைத்துக்கொண்டார்கள் என்று ஆதித் திருச்சபையின் வரலாற்றையும் எடுத்துக்காட்டினார். 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பளித்தார். மூடநம்பிக்கை நீக்கி, பிறருக்கு இடறலின்றி, இவ்வழக்கங்களைப் புதுக்கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பதே தீர்ப்பு.

பழியைச் சுமந்த காலத்தில் அவர் கீழ்ப்படிதலை மீறவில்லை. தம் நியாயத்தை எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

நம் நெஞ்சில் தைக்கும் கேள்வி

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லாமல் விட்டால் இவ்வரலாறு முழுமை பெறாது. உயர்குலத்தாரை அடைய நொபிலி உயர்குலத்தாரின் வாழ்வை மேற்கொண்டார். அதனால் தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக அவரால் இயலவில்லை. அம்மக்களுக்காக, 1640ஆம் ஆண்டளவில், பண்டாரசுவாமிகள் என்ற மற்றொரு வகைக் குருக்கள் ஏற்படுத்தப்பட்டனர். பல்தசார் தா கோஸ்தா சுவாமிகள் இவர்களில் முதல்வர். காலப்போக்கில், சந்நியாசிகளிலும் பண்டாரசுவாமிகளே மிகுதியான மக்களைத் திருச்சபையில் சேர்த்தார்கள்.

சாதி வழக்கம் வெறும் குடியியல் வழக்கம், சமயத்தோடு தொடர்பற்றது என்பது நொபிலியின் எண்ணம். இவ்விடத்தில் அவரது மொழிபெயர்ப்பு குறைபட்டது என்று இன்று சொல்லவேண்டியிருக்கிறது. மேலிருப்பவன் கண்ணுக்குப் பூணூல் ஒரு தகுதி அடையாளம். கீழே தள்ளப்பட்டவன் கண்ணுக்கு அதே பூணூல் அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தும் சட்டம். கேட்பவனும் சேர்ந்தே பொருளைத் தீர்மானிக்கிறான் என்று பரங்கிச் சொல்லில் கண்டுகொண்ட அவர், இந்த அடையாளத்தில் எல்லாரையும் கேட்டாரா? சான்று கேட்டதெல்லாம் மேலோரிடமே. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் உரிமைக் குடிமகனென்றும் இல்லை என்ற சின்னப்பரின் போதனை மட்டும் அந்நாளைய மதுரையில் பாதியளவே மொழிபெயர்க்கப்பட்டது. தமிழகத்துக் கோயில்கள் சிலவற்றில் பிற்காலத்தில் நிலவிய தனியிடங்களும் தனிக் கல்லறைகளும் அந்த மீதிப் பாதியின் நினைவுச் சின்னங்கள்.

மலைநாட்டுக் கத்தோலிக்கராகிய நமக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. நம் முன்னோரில் கணிசமானோர் அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே. நொபிலியின் காலத்தையும் அவர் கைகளைக் கட்டியிருந்த சூழ்நிலையையும் மதித்து நாம் அவரை நியாயம் விசாரிக்காதிருக்கலாம். ஆனால் பாடத்தை விடலாகாது. வேதத்தை ஒரு சமுதாயத்தின் மொழிக்குப் பெயர்க்கும்போது, அச்சமுதாயத்தின் அநீதியையும் சேர்த்து வேதத்துக்குள் பெயர்த்துவிடாமல் காக்கவேண்டும்.

சிறையும் குடிசையும்

1640ஆம் ஆண்டில் மதுரையில் அவர் சிறைப்பட்டார். உடலும் பார்வையும் தளர்ந்தன. பின்னர் மேலதிகாரிகள் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்த யாழ்ப்பாணத்தில், 1640களின் நடுப்பகுதி தொட்டுச் சில ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். இவ்விதம் அவரது திருவடிகள் நம் இலங்கை மண்ணையும் தொட்டிருக்கின்றன. அங்கிருந்து மயிலாப்பூர் சென்று, நகருக்கு வெளியே சிறு குடிசையில் தங்கினார். கண்ணொளி பெரிதும் மங்கிய நிலையிலும், தாம் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, நூல்களைத் திருத்திக்கொண்டேயிருந்தார். எழுபதைக் கடந்த முதுமையிலும் சரியான சொல்லைத் தேடுவதை விடவில்லை. 1656ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி அங்கேயே இறைவனடி சேர்ந்தார். பிறந்த நாட்டுக்கு அவர் ஒருபோதும் திரும்பவில்லை.

அவர் இறந்து மூன்று ஆண்டுகளின் பின், 1659இல், உரோமையின் வேதபரம்புதல் சபை மிசனறிமாருக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. விசுவாசத்தைக் கொண்டுசெல்லுங்கள், உங்கள் நாட்டு வழக்கங்களைக் கொண்டுசெல்லாதீர்கள் என்பது அதன் கருத்து. ஆனால் வழக்கு அத்தோடு முடியவில்லை. 1704இல் புதுச்சேரியில் கர்தினால் தூர்னோன் விதித்த கட்டளைகள் பல வழக்கங்களைத் தடுத்தன. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அவற்றைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பரில் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்தபோதுதான், சுவாமிகள் தட்டிய கதவு அகலத் திறந்தது.

அவர் சொற்கள் நடந்த தூரம்

அவருடைய சொற்களோ எவருடைய தீர்ப்புக்கும் காத்திராமல் நடந்துகொண்டேயிருந்தன. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் போதகர் சீகன்பால்க் கத்தோலிக்கரிடமிருந்து சருவேசுரன் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்த பப்ரீசியஸ் தம் வேதாகமத்தில் பராபரன் என்றார். 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு தேவன் என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் கூடி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் கடவுள் என்கிறது. ஒருவரையே அழைக்க இத்தனை பெயர்கள். எந்தப் பெயரும் அவரை முற்றாக அடக்கிவிடவில்லை. எந்தப் பெயரும் வீணாய்ப் போகவுமில்லை.

1705ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள், புனித யோசவ் வாஸ் அடிகளின் கட்டளைப்படி கண்டி இராச்சியத்தில் சிங்களம் கற்று, சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்கள் எழுதினார். சிங்களத்தில் அவருக்கிருந்த இடர்ப்பாடு இன்னும் பெரிது. பௌத்தர்களுக்குத் தேவர் என்போர் புத்தருக்குக் கீழ்ப்பட்டவர். நொபிலியின் கேள்வியையே அவரும் மற்றொரு மொழியில் சுமந்தார்.

பின்னர், 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டக் காலத்திலும், 1867க்குப் பின் தேயிலைக் காலத்திலும், மதுரை, திருச்சி, தஞ்சைச் சீமைகளிலிருந்து நம் மூதாதையர் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்து மலையேறினார்கள். கத்தோலிக்கராய் வந்தவர்கள் மூட்டையில் செபமாலையையும் நாவில் செபங்களையும் கொண்டுவந்தனர். பல தோட்டங்களில் பல காலம் கோயிலில்லை; குருவானவர் எப்போதாவது வந்தார். லயத்து அறையில் மாலை விளக்கை ஏற்றி, தாய்மார் சருவேசுரனையும் தேவமாதாவையும் கூவியழைத்தார்கள். நொபிலி மதுரையில் ஓலையில் எழுதிய சொற்கள் மஸ்கெலியாவின் பனியில் விசுவாசத்தைக் காத்தன.

இன்று நம் கோயில்களில் பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பிரியதத்தம் அருளாயிற்று. பிள்ளைகளுக்குப் புதிய சொல் எளிது. பாட்டிமாருக்குப் பழைய சொல்லே செபம். இதனால் சில வீடுகளில் சிறு மனத்தாங்கல் உண்டாவதுண்டு. பழையதைக் கேலி செய்கிற பிள்ளையும், புதியதைச் சந்தேகிக்கிற பெரியவரும் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். பழைய சொல்லும் ஒருகாலத்தில் புதிய சொல்லாய் இருந்து, பழி சுமந்தே வீட்டுக்குள் வந்தது. சொற்கள் மாறலாம், பொருளைக் கேட்டுத் தெளியும் வழக்கம் மாறலாகாது. பொருள் அறியாது சொன்னால், பழைய செபமும் மிசா, கிராசை என்ற நிலைக்கே திரும்பிவிடும்.

அன்பான பெற்றோரே, இவ்வாரம் குடும்ப செபமாலை முடிந்தபின் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரியதத்தம் என்றால் என்ன என்று பிள்ளைகள் பாட்டியிடம் கேட்கட்டும். அருள் என்றால் என்ன என்று பாட்டி பிள்ளைகளிடம் கேட்கட்டும். இருவரும் ஒருவருக்கொருவர் விளக்க முயலும்போது, தத்துவபோதக சுவாமிகள் ஐம்பது ஆண்டுகள் செய்த வேலையை உங்கள் வீட்டில் நீங்கள் தொடர்கிறீர்கள்.